முதல் கேள்வியை எழுதியது நான்தான்

மதி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் பொய் சொன்னேன். "அந்த மொத கேள்விய யாரும்மா எழுதிக் குடுத்தது?" என்று கேட்டாய். "எத்தினி வருசம் ஆச்சு, அதெல்லாம் யாருக்கு ஞாபகம் கீது" என்று சொல்லிவிட்டு, பால் பொங்குகிறது என்று போனை வைத்தேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. அடுப்பையே பற்றவைக்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு வீட்டில் ஒரு வேலையும் ஓடவில்லை. போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து ஏதாவது கேட்பாய், நான் பேச்சை மாற்றிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். கடைசிவரை படி. நடுவில் கோபம் வந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து படி.

நீ டெல்லிக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. ஒரு எம்.பி.யிடம் உதவியாளராகச் சேர்ந்து, அவர் மந்திரிகளிடம் கேட்கவேண்டிய கேள்விகளை எழுதித் தருவதுதான் வேலை என்று நீ சொன்னபோது நம் தெருவில் யாருக்கும் விளங்கவில்லை. "கேள்வி கேக்கறதுக்கு ஒரு வேலையா, அதுக்குச் சம்பளம் வேறயா?" என்று எதிர்வீட்டு அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள். எனக்கு நன்றாகவே விளங்கியது. அந்த வேலையின் எதிர்ப்பக்கத்தில் முப்பது வருடம் உட்கார்ந்திருந்தவள் நான். பட்டாபிராமில் வண்டி ஏறி, சென்ட்ரலில் இறங்கி, பார்க் ஸ்டேஷனில் மாறிக் கோட்டைக்குப் போவேன். சட்டசபையில் உறுப்பினர்கள் கேட்கும் கேள்விகளுக்கு மந்திரி வாசிக்க வேண்டிய பதிலை எழுதுவது எங்கள் பிரிவின் வேலை. கூட்டத்தொடர் வந்துவிட்டால் மற்ற ஃபைல் எல்லாம் ஓரம் போய்விடும். சட்டசபைக் கேள்வி என்று சிவப்புச் சீட்டு ஒட்டி ஒரு ஃபைல் வந்தால், சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு எழுந்து ஓடுவோம்.

நாங்கள் பொய் எழுதமாட்டோம் மதி, அதை மட்டும் நம்பு. சபையில் தப்பான தகவல் கொடுத்தால் உரிமை மீறல் என்று பிடித்துக்கொள்வார்கள், மந்திரி தலை உருளும், அதற்கு முன்னால் எங்கள் தலை உருளும். ஆனால் பொய்யும் எழுதாமல், கேட்டதற்குப் பதிலும் சொல்லாமல் எழுதுவதற்கு ஒரு கைப்பழக்கம் இருக்கிறது. அதில் நான் கெட்டிக்காரி. ‘பாலம் கட்டும் உத்தேசம் உள்ளதா?’ என்று முதல் பகுதியில் கேட்டிருந்தால் ‘தற்போது இல்லை’ என்று எழுதுவேன். ‘ஆம் எனில் எப்போது கட்டப்படும்?’ என்று அடுத்த பகுதி இருக்கும். அதற்கு ‘வினா எழவில்லை’. தீர்ந்தது வேலை. கேள்வியில் ஒரு விரற்கடை ஓட்டை இருந்தால் போதும், அதன் வழியாக ஒரு லாரியையே வெளியே எடுத்துவிடுவேன். என் அதிகாரி இதற்காக என்னைப் பாராட்டியிருக்கிறார். வீட்டுக்கு வந்து உங்களிடம் பெருமையடித்தும் இருக்கிறேன்.

நீ ஆறாவது படிக்கும்போது அப்பா வெளிநாட்டுக்குப் போனார். திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் அவர் ஃபிட்டராக இருந்த கம்பெனியில் ஆளைக் குறைத்தார்கள். வீட்டில் சும்மா உட்கார அவருக்கு மனசு வரவில்லை. என்னைக் கேட்காமலே பாஸ்போர்ட் எடுத்துவிட்டார். கூட வேலை பார்த்த நாலைந்து பேரும் போனார்கள், நம் தெரு சரோஜாவின் புருஷனும் அதில் ஒருத்தர். ஒரு வருடம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு அங்கே அவர்கள் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டு முதலாளி எங்கேயோ போய்விட்டான். எல்லோருடைய பாஸ்போர்ட்டும் அவன் ஆபீஸ் பீரோவில். ஊருக்கு வெளியே ஒரு முகாமில் ஆட்களை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வெளியே வேலைக்குப் போனால் போலீஸ் பிடிக்கும், ஊருக்கு வரக் காகிதம் கிடையாது. அப்பா வாரத்துக்கு ஒருமுறை யாருடைய போனிலிருந்தாவது இரண்டு நிமிடம் பேசுவார். "நல்லா கீறேன், நீ இன்னாத்துக்குக் கவலப்படறே" என்பார். உன்னிடம் நான் ‘அப்பாவுக்கு லீவு தரமாட்டேங்கிறாங்க’ என்று சொல்லிவைத்தேன்.

பக்கத்து மாவட்டத்து எம்.பி. ஒருவரின் ஊர் ஆட்களும் அதே முகாமில் இருப்பதாக சரோஜாதான் விசாரித்து வந்தாள். இரண்டு பேரும் அவருடைய ஆபீசுக்குப் போனோம். அங்கே இருந்த உதவியாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கேள்வியா எழுதிக் குடுங்கம்மா, ஐயா பார்லிமென்ட்ல வெளியுறவு மந்திரிகிட்ட போடுவாரு" என்றார். வெளியே வந்ததும் சரோஜா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "க்கா, நீதான் கோட்டையில கீறியே. உனுக்குத் தெரியாத கேள்வியா? நீயே எய்திடு, நான் கண்ண மூடிக்கினு கையெய்த்துப் போடறேன்" என்றாள்.

நான் எழுதினேன். என்ன எழுதினேன் என்று நீ இப்போது பார்லிமென்ட்டின் பழைய பதிவில் பார்த்துவிட்டாய். ‘வெளிநாடுகளில் பணிபுரியும் இந்தியத் தொழிலாளர்களின் நலனைப் பாதுகாக்க அரசு எடுத்துவரும் நடவடிக்கைகள் யாவை?’ இவ்வளவுதான். முகாமின் பேர் இல்லை, ஊரின் பேர் இல்லை, ஒரு ஆளின் பேர் இல்லை. ஏன் அப்படி எழுதினேன் என்று இத்தனை வருடத்தில் ஆயிரம் முறை என்னையே கேட்டிருப்பேன். பாதி பயம். அரசாங்க வேலையில் இருப்பவள், யாராவது கேள்வியைக் குடைந்துகொண்டு போனால் என் பேர் வெளியே வருமோ என்று நடுங்கினேன். மீதிப் பாதி பழக்கதோஷம். யாரையும் குத்தாமல், எதையும் தொடாமல், பொதுவாக எழுதி எழுதி என் கை அப்படியே ஆகிவிட்டிருந்தது. என் புருஷனுக்காக எழுதும்போதுகூட அது திருந்தவில்லை. எழுதி முடித்துவிட்டு, எவ்வளவு கௌரவமாக வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன் பார், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பதில் எழுத்து மூலமாக வந்தது. ஒன்றரைப் பக்கம். என்னென்ன திட்டங்கள், எந்தெந்த உதவி எண்கள், எல்லாம் இருந்தது. ஒரு வரி பொய் இல்லை. அந்தக் கேள்வி என் மேஜைக்கு வந்திருந்தால் நானும் அச்சு அசலாக அதையேதான் எழுதியிருப்பேன். சரோஜா அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னாக்கா, நம்ம ஆளுங்க பேச்சே இதுல காணோமே?" என்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல், "டெல்லிக்காரங்க இப்டித்தான் ஏமாத்துவாங்க சரோஜா" என்றேன். நீ கதவுக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். அப்பா எங்கே இருக்கிறார் என்பதே உனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. "கேட்டும் பதில் சொல்லலியாம்மா?" என்றாய். "சொல்லல. ஏமாத்திட்டாங்க" என்று உன்னிடமும் சொன்னேன்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நீ வளர்ந்தாய். காலேஜில் பேச்சுப்போட்டியில் அதைத்தான் பேசினாய். கை நிறையச் சம்பளத்தோடு அம்பத்தூரில் கிடைத்த ஐ.டி. வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு இந்த வேலைக்குப் போனதும் அதனால்தான். ‘ஒருத்தரும் தப்பிக்க முடியாத மாதிரி கேள்வி எழுதணும்மா’ என்று ரயில் ஏறும்போது சொன்னாய். நான் உன் பையைச் சரிசெய்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன். உன் கோபம் நல்ல கோபம்தான், ஆனால் அதைப் போய் நிறுத்தவேண்டிய வாசல் அது இல்லை. அன்றைக்கு யாரும் ஏமாற்றவில்லை. உன் அம்மா கேட்கத் தெரியாமல் கேட்டாள்.

பார்லிமென்ட்டின் அடுத்த கூட்டத்தொடருக்கு நான்கு மாதம் இருந்தது. அந்த நான்கு மாதத்துக்கு நடுவில்தான் எனக்குப் புத்தி வந்தது, அதுவும் ஆபீசில். ஒரு மாணவியர் விடுதியைப் பற்றிய கேள்வி சட்டசபையில் வந்திருந்தது. பதிலை நான்தான் எழுதினேன். உறுப்பினர்கள் மேற்கொண்டு துணைக் கேள்வி கேட்பார்கள் இல்லையா, அவர்கள் என்ன கேட்கக்கூடும் என்று நாங்களே யோசித்து அதற்கும் ஒரு கட்டுக் குறிப்பு தயாரித்து மந்திரி கையில் கொடுப்போம். அன்றைக்கு என்னையும் அதிகாரிகள் உட்காரும் மாடத்துக்குக் கூட்டிப்போயிருந்தார்கள், ஏதாவது தேவையென்றால் சீட்டு எழுதிக் கொடுக்க. கேள்வி கேட்டவர் கொஞ்சம் வயதான அம்மா, முதல்முறை ஜெயித்து வந்தவர். மந்திரி பதிலை வாசித்து முடித்ததும் அந்த அம்மா எழுந்து, கத்தாமல், நம் வீட்டுக் கூடத்தில் பேசுகிற மாதிரி கேட்டார்: "அந்த விடுதியில ராத்திரி விளக்கு எரியற பாத்ரூம் எத்தனை இருக்குன்னு மாண்புமிகு அமைச்சர் சொல்வாரா?" மந்திரி என் குறிப்பைப் புரட்டினார். கட்டிட மதிப்பீடு இருந்தது, அரசாணை எண் இருந்தது, மாணவிகள் எண்ணிக்கை இருந்தது. விளக்கு இல்லை. எங்கள் மாடத்தைத் திரும்பிப் பார்த்தார். எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. "நாளைக்கே நேரில் பார்த்துச் சொல்கிறேன்" என்றார். அவ்வளவுதான், அது சபையில் கொடுத்த உறுதிமொழி ஆகிவிட்டது. உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது, நிறைவேற்றும்வரை விடாது. அடுத்த வாரத்துக்குள் அந்த விடுதியில் எல்லாப் பாத்ரூமிலும் விளக்கு எரிந்தது.

சாயங்காலம் வண்டியில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. டிபன் டப்பாவை மடியில் வைத்து அதன்மேல் பேப்பரை வைத்து எழுத ஆரம்பித்தேன். இந்தமுறை கேள்வி கேட்கிறவளாக எழுதவில்லை, பதில் எழுதுகிற என்னையே எதிரில் உட்காரவைத்து எழுதினேன். ‘இதற்கு நீ எப்படித் தப்பிப்பாய்?’ என்று என்னையே கேட்டுப் பார்ப்பது, அந்த ஓட்டையை அடைப்பது. ஊர் பேர், முகாம் பேர், கம்பெனி பேர் எழுதினேன். அங்கே தமிழ்நாட்டு ஆட்கள் எத்தனை பேர். தூதரக அதிகாரி கடைசியாக எந்தத் தேதியில் அங்கே போனார். போகவில்லை என்றால் எந்தத் தேதியில் போவார். ‘வினா எழவில்லை’ என்று எழுத எங்கேயும் இடமில்லை. ஆவடி வருவதற்குள் முடித்துவிட்டேன். பட்டாபிராமில் இறங்கி வீடு வரைக்கும் என்னையே திட்டிக்கொண்டு நடந்தேன். இத்தனை சுலபமாக எழுத முடிகிற கேள்வியை முதல் தடவையே எழுதவில்லையே என்றுதான்.

அதை எம்.பி. ஆபீசில் கொடுத்தோம்; மந்திரி சபையில் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்லவேண்டிய கேள்விகளைக் குலுக்கிப்போட்டு எடுப்பார்கள், அதில் நம் கேள்வி வந்தது நம் அதிர்ஷ்டம். நான் ஆபீசில் இருந்தேன். சரோஜா டி.வி.யைப் பார்த்துவிட்டுப் போன் செய்தாள். "க்கா, கேட்டது தமிழ்ல, புரிஞ்சிது. பதிலு இங்கிலீசு, ஒண்ணியும் புரில. ஆனா நம்ம எம்.பி. குந்தவே இல்லக்கா, மறுக்கா மறுக்கா எய்ந்து கேட்டுகினே கீறாரு. கடைசில அந்த மந்திரி தலைய ஆட்டுனாரு. ஆட்டுனா சரின்னுதானே?" என்றாள். சரி என்றுதான் அர்த்தம். அதே வாரத்தில் தூதரகத்திலிருந்து ஆள் போனார். சில வாரங்களில் அப்பா வந்து இறங்கினார். கேட்கத் தெரிந்து கேட்டால் மந்திரியும் எழுந்து நின்று பதில் சொல்லத்தான் வேண்டும் என்று அன்றைக்கு எனக்கு உறுதியானது. உனக்கு நான் தர நினைக்கிற புத்திமதி இது ஒன்றுதான். கோபத்தைக் கேள்விக்குள் வைக்காதே, ஊர் பேரை வை. உன் கேள்வியைப் படித்து யாரோ ஒருத்தி எங்கேயோ ஒரு மேஜையில் உட்கார்ந்து பதில் எழுதப்போகிறாள். அவள் கெட்டவள் இல்லை. சாயங்கால வண்டியைப் பிடிக்கவேண்டிய அவசரத்தில் இருப்பவள். அவளுக்குத் தப்பிக்க வழிவிடாமல் எழுது, நல்ல பதிலை அவளே தேடிக் கொண்டுவந்து வைப்பாள்.

ஆனால் உன்னிடம் மறைத்ததில் இன்னொன்று இருக்கிறது. அப்பா விமானநிலையத்தில் வெளியே வந்தபோது இடது காலை இழுத்து இழுத்து நடந்தார். செருப்பைக் கழற்றியபோது பார்த்தேன், இரண்டு விரல் இல்லை. "கம்பி வியுந்துச்சு" என்றார். எப்போது என்று நான் கேட்கவில்லை. மனசுக்குள் நானே கணக்குப் போட்டேன். அந்த நான்கு மாதத்தில்தான் ஆகியிருக்கும், வைத்தியம் பார்க்க ஆளில்லாமல் போயிருக்கும், நான் ஒழுங்காகக் கேட்டிருந்தால் கால் முழுசாக வந்திருக்கும். இந்தக் கணக்கோடுதான் இத்தனை வருடம் அவருக்குச் சாதம் போட்டேன். அவர் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டால் எழுந்து சமையலறைக்குள் போய்விடுவேன். அவரிடம் எரிந்து எரிந்து விழுந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான். ‘அப்பாவ ஏம்மா இப்டி விரட்டறே’ என்று நீ எத்தனை முறை சண்டை போட்டிருக்கிறாய்.

நேற்று காலை சொல்லிவிட்டேன். உனக்கு எழுதுவதற்கு முன்னால் அவரிடம் சொல்லவேண்டும் இல்லையா. நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முதல் கேள்வியை நான் கெடுத்தது, ஏமாற்றிவிட்டார்கள் என்று கதை கட்டியது, கால் விஷயம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் தோசையைப் பிய்த்த கையோடு அப்படியே என்னைப் பார்த்தார்.

"காலா? அது கம்பெனி மூடறதுக்கு முன்னாடியே பூடுச்சுமே. போன மொத மாசம், சைட்டுல. ஆஸ்பத்திரியில வச்சு நல்லாத்தான் பாத்தாங்க. நீ பயந்துக்குவேன்னு சொல்லல. நாலு மாசத்துல ஆச்சுன்னு உனுக்கு யாரு சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன் மதி. இத்தனை வருடத்தில் அப்படி அழுததில்லை. நெஞ்சில் வைத்திருந்த அம்மிக்கல்லை யாரோ தூக்கிக் கீழே வைத்த மாதிரி இருந்தது. அவர் விட்டுக்கொடுத்தும் பேசவில்லை. "நாலு மாசம் நாலு மாசந்தான், அத்த இல்லன்னு சொல்ல மாட்டேன். பேஜாராத்தான் இருந்துச்சு" என்றார். தோசையை வாயில் போட்டுக்கொண்டு, "ரெண்டாவது கேள்விய எய்துனதும் நீதானே? அத்த ஏன் ஒரு தபா கூட சொல்லிக்கல?" என்றார். நான் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

பிறகு தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். கோபமில்லாமல், சாதாரணமாகத்தான் சொன்னார். "எனுக்காகப் பார்லிமென்ட்டு வரைக்கும் கேட்டீங்க. உம் பொண்ணு டெல்லிக்கே போயி ஒக்காந்துகினு ஊருக்கெல்லாம் கேக்குது. அங்க எப்டி இருந்தே, இன்னா துன்னே, எங்க தூங்குனேன்னு என்னாண்ட நீங்க ரெண்டு பேரும் இது வரிக்கும் ஒரு வார்த்த கேட்டீங்களா?"

நான் கேட்டேன். முதல் நாள் முகாமுக்குள் போனதிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். நேற்று பகல் முழுக்கச் சொன்னார், இன்றைக்கும் சொன்னார், இன்னும் பாதி வரவில்லை. மீதியை நீ வரும்வரை வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். பொங்கலுக்கு டிக்கெட் போட்டுவிட்டு வா. வந்து நீயே அவரிடம் கேள்.

அம்மா